ஆறு நாள் கதை

இந்த மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது விடுதி நினைவுகள். மெஸ் சாம்பார், வார்டன் சாரின் புல்லட் சத்தம், தேர்வுக்கு முந்தின ராத்திரி, இப்படி ஏதாவது நாலு பக்கம். அதையெல்லாம் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னைவிடச் சுவையாகவும் எழுதுவார்கள். எனக்கு இந்தக் கல்லூரியில் வேறொரு பாக்கி இருக்கிறது. அதைத் தீர்க்க இதுதான் சமயம்.

1979-ஆம் ஆண்டுக் கல்லூரி மலரில் நான் ஒரு கட்டுரை எழுதினேன். 1940-களில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட மலிவான திகில் படங்களையும் குற்றப் படங்களையும் பற்றியது. தமிழாசிரியர் ஒருவர் அதை வகுப்பிலேயே வாசித்துக் காட்டினார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்தக் கட்டுரையின் உச்சக்கட்டம் ‘டீட்டூர்’ என்ற படம். ‘வெறும் ஆறே நாளில், இருபதாயிரம் டாலரில் எடுத்த அமர காவியம்! பணம் எதற்கு, மனம் போதும்!’ என்று ஆச்சரியக்குறி போட்டு முடித்திருந்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தப் படத்தை அப்போது நான் பார்த்ததே இல்லை. நூலகத்தில் கிடந்த ஓர் ஆங்கில சினிமாப் புத்தகத்தில் அதன் இயக்குநருடைய பேட்டியைப் படித்ததோடு சரி. படத்தைப் பார்த்தது கால் நூற்றாண்டு கழித்து.

நான் எழுதியது தப்பு. எந்த இடத்தில் தப்பு, அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை. அதற்கு முன்னால், இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்காக அந்தப் படங்களின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

1929-இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது சினிமாத் தியேட்டர்களும் சேர்ந்து ஆட்டம் கண்டன. கூட்டத்தை இழுக்கத் தியேட்டர்காரர்கள் கண்டுபிடித்த வழி, ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம். ஒன்று பெரிய நட்சத்திரம் நடித்த பெரிய படம். இன்னொன்று துணைக்கு வருகிற சின்னப் படம், ஒரு மணி நேரம், மிஞ்சினால் எழுபத்தைந்து நிமிடம். முதலாவதை ஏ படம் என்றும் இரண்டாவதை பி படம் என்றும் சொன்னார்கள். நம்ம ஊரில் ‘பி கிரேடு’ என்றால் வேறு அர்த்தம் ஆகிவிட்டது. அங்கே அது தரத்தைக் குறிக்கவில்லை, இடத்தைக் குறித்தது. கல்யாணப் பந்தியில் பாயசமும் அப்பளமும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்பளத்துக்காக யாரும் கல்யாணத்துக்கு வருவதில்லை. ஆனால் அது இல்லையென்றால் கேட்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது வாடகைக் கணக்கு. ஏ படத்துக்குத் தியேட்டர்காரர் வசூலில் பங்கு கொடுத்தார். பி படத்துக்குப் பங்கு கிடையாது, பிக்சட் ஹயர்தான். படம் பிரமாதமாக இருந்தாலும் அதே தொகை, குப்பையாக இருந்தாலும் அதே தொகை. அதாவது படம் எடுப்பதற்கு முன்பே எவ்வளவு வரும் என்று தயாரிப்பாளருக்குத் தெரிந்துவிடும். அதற்குக் கீழே செலவை அடக்கிவிட்டால் லாபம். நல்ல படமாக எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லவே இல்லை. இந்த ஏற்பாட்டிலிருந்து நல்ல படம் வந்ததுதான் அதிசயம்.

பெரிய ஸ்டூடியோக்கள் தங்களுக்குள்ளேயே பி பிரிவு வைத்திருந்தன. அதற்கும் கீழே, ஹாலிவுட்டின் கோவர் தெருப் பக்கம் சின்னச் சின்னக் கம்பெனிகள் இருந்தன. அந்த வட்டாரத்துக்கே ‘வறுமைச் சந்து’ என்ற பொருளில்தான் பெயர். மோனோகிராம், பி.ஆர்.சி. ஆகியவை அந்தச் சந்தின் பிரபலங்கள். பி.ஆர்.சி.தான் அடிமட்டத்தின் அடிமட்டம். ‘டீட்டூர்’ அங்கே பிறந்த குழந்தை.

சந்துக்குப் போவதற்கு முன்னால் ஸ்டூடியோவுக்குள் போவோம். ஆர்.கே.ஓ. என்ற கம்பெனி ஆர்சன் வெல்ஸை நம்பி ‘சிட்டிசன் கேன்’ (1941), ‘தி மேக்னிபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’ (1942) என்று இரண்டு படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டது. புதிதாக வந்த நிர்வாகி சார்லஸ் கோர்னர், இனி மேதைகள் வேண்டாம், வசூல்தான் வேண்டும் என்று ஒரு மலிவுத் திகில் பட யூனிட்டை ஆரம்பித்தார். அதற்குத் தலைவராக வந்தவர் வால் லூட்டன். கருங்கடல் ஓரத்து யால்டாவில் 1904-இல் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்கா வந்தவர், நாவல்கள் எழுதியவர், ‘கான் வித் தி விண்ட்’ எடுத்த செல்ஸ்னிக்கிடம் கதை இலாகாவில் இருந்தவர். அவருக்குப் போட்ட நிபந்தனை மூன்று. படத்தின் செலவு ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது. நீளம் எழுபத்தைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தலைப்பைக் கம்பெனி கொடுக்கும், அதற்குக் கதையை அவர் செய்துகொள்ள வேண்டும்.

முதலில் கொடுத்த தலைப்பு ‘கேட் பீப்பிள்’, பூனை மனிதர்கள். இதைக் கேட்டால் நமக்கு என்ன தோன்றும்? உடம்பெல்லாம் ரோமம் ஒட்டிய ஒருவன் சுவரேறிக் குதிப்பான். லூட்டனும், இயக்குநர் ஜாக் டூர்னரும், எழுத்தாளர் டிவிட் போடீனும் அதைச் செய்யவில்லை. முத்தமிட்டால் தான் சிறுத்தையாகிவிடுவோம் என்று பயப்படுகிற ஒரு செர்பியப் பெண்ணின் கதையை எழுதினார்கள். சிறுத்தையைக் காட்டவா வேண்டாமா என்பதே பெரிய சண்டை. மேலிடம் காட்டச் சொன்னது. இவர்கள் நிழலாகக் காட்டிச் சமாளித்தார்கள்.

ராத்திரி நேரம். ஒரு பெண் பூங்காச் சுவரை ஒட்டித் தனியாக நடந்து போகிறாள். பின்னால் இன்னொருத்தியின் செருப்புச் சத்தம். கொஞ்ச தூரம் போனதும் அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் வேகமாக நடக்கிறாள், ஓடுகிறாள். சட்டென்று சீறுகிற சத்தம். தூக்கிவாரிப் போடுகிறது. பார்த்தால், பக்கத்தில் வந்து நின்றது பஸ்! பிரேக் காற்றுச் சத்தம். இதற்கு என்ன செலவு? ஒரு சுவர், இரண்டு தெரு விளக்கு, ஒரு பஸ். இந்த உத்தி பிடித்துப்போய், லூட்டன் யூனிட்டில் இந்த மாதிரி அதிர்ச்சிக்கே ‘பஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கு வருகிற பேய்ப் படங்களில் எல்லாம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வந்துகொண்டுதான் இருக்கிறது. டூர்னரிடம் இருந்த நிதானம்தான் இல்லை.

படத்துக்கு நல்ல வசூல். உடனே அடுத்த தலைப்பு வந்தது, ‘ஐ வாக்ட் வித் எ ஸாம்பி’. ஒரு பத்திரிகைக் கட்டுரையின் தலைப்பு அது. லூட்டன் என்ன செய்தார் தெரியுமா? ‘ஜேன் அயர்’ நாவலைக் கொண்டுபோய் மேற்கிந்தியத் தீவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் வைத்தார். ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் அந்த நாவலோடு மல்லுக்கட்டியது நினைவிருக்கும். பி படத்துக்கு டிக்கெட் வாங்கியவர்கள் அது தெரியாமலே அதைப் பார்த்தார்கள். அந்தத் தீவில் குழந்தை பிறந்தால் அழுவார்கள், யாராவது செத்தால் சிரிப்பார்கள். அடிமைகளின் வம்சம் அல்லவா என்று ஒரு பாத்திரம் சாவகாசமாகச் சொல்கிறது. 1943-இல் பெரிய பட்ஜெட் படம் ஒன்றில் இதைச் சொல்ல விட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான். பி படத்தை மேலிடத்தில் யாரும் அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கவில்லை.

1942 முதல் 1946 வரை லூட்டன் ஒன்பது திகில் படங்களைத் தயாரித்தார். எல்லாத் திரைக்கதைகளையும் கடைசியில் தானே திருத்தி எழுதுவார், பெரும்பாலும் பெயர் போட்டுக்கொள்ள மாட்டார். எடிட்டர்களாக இருந்த இருவரை இயக்குநராக்கினார். ஒருவர் மார்க் ராப்சன். இன்னொருவர் ராபர்ட் வைஸ். ஆம், பின்னாளில் ‘தி சவுண்ட் ஆப் மியூசிக்’ எடுத்தாரே, அவரேதான். அந்தப் படத்தின் பச்சைப் புல்வெளியைப் பார்த்து உருகியவர்கள், அதை எடுத்தவர் கல்லறைத் திருட்டைப் பற்றிய ‘தி பாடி ஸ்னாட்சர்’ (1945) படத்தை எடுத்துத்தான் கை தேர்ந்தார் என்று தெரிந்தால் என்ன சொல்வார்களோ!

ஒன்பதில் எனக்கு மிகவும் நெருக்கமானது ‘தி லெப்பர்ட் மேன்’ (1943). காரணம், நாம் பார்த்த படம் அது. நம் திரைப்படச் சங்கம் சென்னையிலிருந்து வரவழைத்த 16 மில்லிமீட்டர் பிரதி. 1978 டிசம்பர், விடுதி மொட்டை மாடி, இரண்டு மெஸ் மேஜைகள், மேலே புரொஜெக்டர், எதிரே சலவைக்குப் போட்டு வாங்கிய பெட்ஷீட். காசு கொடுக்காதவர்கள் ஏறி வந்துவிடக் கூடாது என்று மாடிக் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தோம்.

நியூ மெக்சிகோவில் ஒரு சின்ன ஊர். இரவு விடுதி ஒன்றில் விளம்பரத்துக்காகக் கொண்டுவந்த சிறுத்தை தப்பி ஓடிவிடுகிறது. ஒரு ஏழை வீட்டில் அம்மா மகளிடம் சோளமாவு வாங்கி வரச் சொல்கிறாள். ‘சிறுத்தை இருக்குமே’ என்று பெண் பயப்படுகிறாள். தம்பி விரலால் சுவரில் சிறுத்தை நிழல் காட்டிக் கிண்டல் பண்ணுகிறான். அம்மா துடைப்பத்தால் தள்ளி வெளியே விட்டுக் கதவைச் சாத்துகிறாள்; மாவு இல்லாமல் உள்ளே வரக் கூடாது. பக்கத்துக் கடை மூடியாகிவிட்டது. தூரத்துக் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு திரும்புகிறாள். வழியில் ரயில் பாலம், அதன் அடியில் இருட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். தலைக்கு மேலே ரயில் தடதடவென்று போகிறது. பிறகு இரண்டு கண்கள்.

அவள் மாவைக் கொட்டிவிட்டு ஓடுகிறாள். அதற்குப் பிறகு கேமரா வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே கதவைத் தட்டுகிறாள், ‘அம்மா, கதவைத் திற’ என்று கத்துகிறாள். அம்மா, வேஷம் போடுகிறாள் என்று நினைக்கிறாள். அலறல் மாறுகிறது. அம்மாவுக்கு இப்போது புரிகிறது. ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுக்கிறாள், அது சிக்கிக்கொண்டு வர மறுக்கிறது. வெளியே சத்தம் நின்றுவிடுகிறது. கதவுக்கு அடியிலிருந்து ரத்தம் மெல்ல உள்ளே வருகிறது.

சிறுத்தை பாய்வதை நாம் பார்க்கவே இல்லை. ஒரு கதவும் சத்தமும் மட்டும்தான்.

சரியாக அந்த நேரத்தில் எங்கள் மாடிக் கதவை யாரோ தட்டினார்கள். எழுபது பேர் இருந்தோம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தட்டல் பலமாகிறது, ‘அண்ணே, திறங்கண்ணே’ என்று குரல் வேறு. எங்கள் இயற்பியல் துறை மாவீரர் ஒருவர் அடுத்திருந்தவன் கையைப் பிடித்துக்கொண்டு ‘முருகா’ என்றார். ஐந்து நிமிடம் கழித்து யாரோ போய்த் திறந்தால், முதலாம் ஆண்டு பையன் ஒருவன், ஊரிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்தவன், கையில் டிரங்குப் பெட்டியோடு நிற்கிறான். ‘உள்ள யாரண்ணே அப்படிக் கத்துனது?’ என்று கேட்டான். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி ‘டீட்டூர்’. இயக்குநர் எட்கர் அல்மர், ஆஸ்திரிய நாட்டிலிருந்து வந்தவர். 1934-இல் யுனிவர்சலில் கார்லாப், லுகோசி இருவரையும் வைத்து ‘தி பிளாக் கேட்’ என்ற வெற்றிப்படம் எடுத்தவர். முதலாளியின் உறவினர் மனைவியைக் காதலித்து மணந்துகொண்டதால் பெரிய ஸ்டூடியோக்களின் கதவு அவருக்கு மூடப்பட்டது என்பார்கள். எப்படியோ வறுமைச் சந்துக்கு வந்து சேர்ந்தார். 1945-இல் ‘டீட்டூர்’. நியூயார்க்கில் பியானோ வாசிக்கும் ஓர் இளைஞன் காதலியைத் தேடி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு லிப்ட் கேட்டுப் போகிறான். கார் கொடுத்தவர் வழியில் செத்துப்போகிறார். தன்மீது பழி வரும் என்று பயந்து, அவருடைய காரையும் பெயரையும் எடுத்துக்கொள்கிறான். அடுத்து அவனே ஒரு பெண்ணுக்கு லிப்ட் கொடுக்கிறான். அவளோ செத்தவரை நன்றாகத் தெரிந்தவள்! ஆன் சாவேஜ் என்ற நடிகை. அப்படி ஒரு கோபக்காரியைத் திரையில் நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அந்தப் பெண் மட்டும் போதும், படத்தின் மலிவு மறந்துபோகும்.

மலிவு கண்ணில் படத்தான் செய்கிறது. நியூயார்க் தெருவைக் கட்டக் காசில்லை. புகையைப் போட்டு ஒரு தெரு விளக்கையும் பெயர்ப்பலகையையும் நிறுத்திவிட்டார்கள். அவன் கிழக்கிலிருந்து மேற்கே போகிறான் என்று காட்ட, சில காட்சிகளின் நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அதனால் அமெரிக்கக் காரில் டிரைவர் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறார். அமெரிக்க விமர்சகர்கள் இதை ஒரு பெரிய பிழையாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். நம்ம ஊர்க்காரர் பத்துத் தடவை பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டார். நான் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். ஆறு நாளில் எடுத்தேன் என்று அல்மரே வயதான காலத்தில் பேட்டி கொடுத்தார். அதை உலகம் நம்பியது, நானும் நம்பினேன். பின்னாளில் ஆய்வாளர்கள் கம்பெனிக் காகிதங்களைத் தேடிப் பார்த்தார்கள். ஆறு நாள் இல்லை. இரண்டு வாரத்துக்குக் குறையாது. இருபதாயிரமும் இல்லை, ஒரு லட்சம் டாலருக்கு மேல். ஏன் அப்படிச் சொன்னார் கிழவர்? எனக்குத் தோன்றுவது இதுதான். வாழ்நாள் முழுக்க மலிவுப் படக்காரர் என்று ஒதுக்கப்பட்டவர் அவர். அந்த மலிவையே பெருமையாக மாற்றிக்கொண்டார். அதில் எனக்கு அவர்மேல் கோபமில்லை. ஆனால் அந்தக் கதை கைமாறிக் கைமாறி நம் கல்லூரி மலர் வரை வந்தபோது, பெருமை போய் உபதேசமாகிவிட்டது. அந்த உபதேசத்தைச் செய்தவன் நான்.

லூட்டன் விஷயத்திலும் நான் பாதிதான் எழுதியிருந்தேன். ஒன்றரை லட்சம் டாலர் என்ற கணக்கில் சேராத சொத்துக்கள் அவருக்கு இருந்தன. ‘கேட் பீப்பிள்’ கதாநாயகி வீட்டின் அந்த அழகான மாடிப்படி இருக்கிறதே, அது ‘ஆம்பர்சன்ஸ்’ படத்துக்காகப் பெரும் செலவில் கட்டி, சும்மா நின்றுகொண்டிருந்த செட். ஒளிப்பதிவாளர் நிக்கோலஸ் முசுராகா மாதச் சம்பளக்காரர். பெரிய படத்துக்கும் அவரே, சின்னப் படத்துக்கும் அவரே. எடிட்டிங் அறை, ஒலிப்பதிவு, தச்சர்கள், தையல்காரர்கள் எல்லாம் பக்கத்திலேயே. எல்லாவற்றுக்கும் மேலாக, படம் முடிந்தால் ஓடுவதற்குத் தியேட்டர்கள் தயாராக இருந்தன. பெரிய கம்பெனிகளுக்குச் சொந்தமாகவே தியேட்டர்கள் இருந்தன. மற்ற தியேட்டர்காரர்களிடம் நல்ல படம் வேண்டுமென்றால் இதையும் எடுத்துக்கொள் என்று கட்டாகத் தலையில் கட்டுவார்கள். லூட்டன் ஏழை இல்லை. பணக்கார வீட்டில் சமையற்கட்டில் சாப்பிட்ட ஏழை உறவினர், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு உடைந்ததும் பி படமும் உடைந்தது. 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில், கட்டாக விற்பது கூடாது என்று தீர்ப்பளித்தது. கம்பெனிகள் தியேட்டர்களைக் கைவிட வேண்டியதாயிற்று. கூடவே டெலிவிஷன் வந்தது. சின்னத் துப்பறியும் கதைகளை வீட்டிலேயே இலவசமாகப் பார்க்கலாம் என்றால் யார் தியேட்டருக்கு வருவார்கள்? கடைசிக் காலத்தின் அருமையான படம் ‘தி நாரோ மார்ஜின்’. இயக்கியவர் ரிச்சர்ட் பிளெய்ஷர், 13 நாள் படப்பிடிப்பு, பெரும்பகுதி ரயிலுக்குள். ரயில் செட்டை ஆட்டச் செலவாகும் என்று, செட்டை நிறுத்தி வைத்துவிட்டுக் கேமராவை ஆட்டினார்களாம்! பின்னணி இசையும் கிடையாது, ரயில் சத்தம்தான். 1952-இல் வெளியானது. அந்தப் படத்தில் வாயாடியாக வந்து பிய்த்து உதறிய மேரி வின்ட்சர் அதே ஆண்டு இன்னொரு படத்திலும் வந்தார். அது நம்ம சேலத்துச் சரக்கு என்றால் நம்புவீர்களா?

‘தி ஜங்கிள்’ என்று படம். ஆங்கிலப் பெயர்தான். தமிழில் ‘காடு’. மலிவுப் படங்களைக் கணக்கில்லாமல் எடுத்த வில்லியம் பெர்க் இயக்க, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் கூட்டாகத் தயாரித்தார். இங்கே ‘சகுந்தலை’, ‘மீரா’, ‘மந்திரி குமாரி’ படங்களில் பணியாற்றிய எல்லிஸ் டங்கனும் இதில் உண்டு. அமெரிக்காவில் வெளியிட்டது லிப்பர்ட் என்ற பி படக் கம்பெனி. நம்ம எம்.என். நம்பியார் அதில் நடித்திருக்கிறார். கதையின் பயங்கரம் என்ன தெரியுமா, பழங்கால மாமத யானை. சாதாரண யானைக்கு ரோமப் போர்வை போர்த்தி விட்டுவிட்டார்கள். யானை பாவம், வெயிலில் என்ன பாடு பட்டதோ. படம் சுமார்தான். ஆனால் ஹாலிவுட்டின் வறுமைச் சந்துக்கு ஒரு கிளைச் சந்து சேலத்தில் இருந்தது என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது. அது எடுக்க முடிந்ததற்கும் காரணம் சுந்தரம் கையில் சொந்த ஸ்டூடியோவும் சம்பளத்துக்கு ஆட்களும் இருந்ததுதான்.

அப்புறம் வந்தவர்கள் வேறு தினுசு. வில்லியம் காசில் ‘தி டிங்லர்’ (1959) படத்துக்குச் சில நாற்காலிகளுக்கு அடியில் மோட்டார் வைத்து ஜனங்களை அதிர வைத்தார். ரோஜர் கார்மன் இன்னொரு படத்துக்குப் போட்ட செட் மீந்து நிற்கிறது என்று, ‘தி லிட்டில் ஷாப் ஆப் ஹாரர்ஸ்’ (1960) படத்தின் பெரும்பகுதியை இரண்டே நாளில் முடித்தார். இது கதையல்ல, நிஜம். அதே ஆண்டு ஹிட்ச்காக் தன் டெலிவிஷன் யூனிட்டை வைத்துக் கறுப்பு வெள்ளையில் ‘சைக்கோ’ எடுத்தார். மலிவுப் படக்காரர்களின் வித்தையைப் பெரிய மனிதர் கற்றுக்கொண்டுவிட்டார். பெயரும் அவருக்கே போயிற்று.

லூட்டன் இதையெல்லாம் பார்க்க இல்லை. பெரிய படங்களுக்குப் போக ஆசைப்பட்டார். போன இடமெல்லாம் சரிப்படவில்லை. 1951 மார்ச்சில் மாரடைப்பில் இறந்தபோது அவருக்கு வயது 46. ‘டீட்டூர்’ கதாநாயகன் டாம் நீல், படத்தில் வருகிற மாதிரியே நிஜத்திலும் சிக்கினார். மனைவி துப்பாக்கிச் சூட்டில் இறந்த வழக்கில் தண்டனை பெற்று ஆறு வருடம் சிறையில் இருந்தார். வெளியே வந்த சில மாதங்களில், 1972-இல் இறந்தார். படமோ கேட்பாரற்றுக் காப்புரிமை காலாவதியாகி, தேய்ந்த பிரதிகளாக உலகம் பூராவும் சுற்றியது. 1992-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். 2018-இல் ஐரோப்பாவில் கிடைத்த நல்ல பிரதியின் துணையோடு புதுப்பித்தும் விட்டார்கள். புதுப்பித்த பிரதியில் அந்தப் பனிமூட்டம்கூடத் துல்லியமாகத் தெரிகிறது!

இனி அந்த டிரங்குப் பெட்டிப் பையன்.

என் 1979 கட்டுரையைக் கத்தரித்து வைத்திருந்தானாம். எனக்குத் தெரியாது. படித்து முடித்து நான் பாங்க் வேலைக்குப் போனேன், அவன் கோடம்பாக்கம் போனான். இரண்டு பேரிடம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு, 1985-இல் சொந்தமாக ஒரு பேய்ப் படம் ஆரம்பித்தான். ஒரே பங்களா, ஐந்து நடிகர்கள், எட்டு நாள். அப்பாவின் எண்ணெய் மில்லை அடகு வைத்து வாங்கிய பணம். எட்டு நாள் இருபத்தொரு நாள் ஆயிற்று. அவனுக்குச் சும்மா நிற்கிற மாடிப்படி ஏது? லைட் வாடகை, ஜெனரேட்டர் வாடகை, பங்களா வாடகை, யூனிட் பேட்டா, எல்லாம் நாள் கணக்கில் ஓடிற்று. படம் முடிந்தாலும் பிக்சட் ஹயர் கொடுத்து வாங்கிக்கொள்ள எந்தத் தியேட்டரும் காத்திருக்கவில்லை. பிரதி போடப் பணம் இல்லாமல் நெகட்டிவ் லேபிலேயே தங்கிவிட்டது. மில் போயிற்று. அவன் ஊருக்குத் திரும்பி உரக்கடை வைத்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பத்து வருடங்களுக்கு முன்பு, ஒரு கல்யாணத்தில். ‘உங்க கட்டுரையைப் படிச்சுத்தாண்ணே துணிஞ்சு இறங்குனேன்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னான். குறை சொல்லவில்லை, பெருமையாகவே சொன்னான். எனக்குத்தான் இலையில் இருந்த சாப்பாடு இறங்கவில்லை. ஆறு நாள் கணக்கு பொய் என்று அப்போதே எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. போன மாதம் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, ‘பரவால்லண்ணே, அவருக்கும் பதினாலு பதினஞ்சு நாள் ஆச்சுன்னு சொல்றீங்க. நான் ஒரு ஏழு நாள்தான் கூட’ என்றான்.

அவன் படத்தில் பேய் எப்படி இருக்கும் என்று கேட்டேன். பேயே வராதாம். ஒரு மூடிய கதவு, வெளியே தட்டுகிற சத்தம், உள்ளே இருப்பவர்களின் முகம், அவ்வளவுதானாம். ‘லெப்பர்ட் மேன் சீனா?’ என்றேன். ‘அந்த சீனை நான் இன்னிக்கு வரைக்கும் பார்க்கலண்ணே. சத்தம் மட்டும்தான் கேட்டேன். கதவுக்கு வெளியில இல்ல நின்னேன்!’

சந்திப்பின் இரண்டாம் நாள் மாலை ஏழு மணிக்கு இயற்பியல் கேலரியில் ‘தி லெப்பர்ட் மேன்’ திரையிட முதல்வர் அனுமதி கொடுத்திருக்கிறார். ஓடும் நேரம் 66 நிமிடம். மாணவர்களும் வரலாம், டிக்கெட் கிடையாது. அவன் காலை வண்டியிலேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். முன் வரிசையில் நடு நாற்காலி அவனுக்கு. மற்றவர்கள் முன்பின்னாக வந்தாலும் பரவாயில்லை, கதவு சும்மா சாத்தித்தான் இருக்கும், தள்ளிக்கொண்டு வாருங்கள்.